தங்கமணி திறக்காத கதவு

கிள்ளான் செந்தோசாவில் பள்ளி வேன் ஓட்டும் தங்கமணியை ஐம்பத்து நான்காவது வயதில் சினிமாவில் நடிக்கக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவன் சிவேந்திரன். பிரிக்பீல்ட்ஸ்காரன். விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு முதல்முறையாக ஒரு முழுநீளப் படத்துக்குக் கிளம்பியிருந்தான். அம்மா வேடத்துக்கு மட்டும் ஆள் அமையவில்லை. ஒருநாள் காலை தன் அக்கா மகளைப் பள்ளியில் விட வந்தவன், அங்கே தங்கமணியைப் பார்த்தான்.

பள்ளி வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டு ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வேன்களெல்லாம் ஹாரன் அடித்தன. தங்கமணி அடிக்கவில்லை. இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“அங்கிள், புள்ளைங்க இறங்கணும். பேசிட்டு எடுக்கிறீங்களா, எடுத்துட்டுப் பேசுறீங்களா?”

குரல் உயரவே இல்லை. அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் காரை நகர்த்தினார். சிவேந்திரனுக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது.

அவன் விஷயத்தைச் சொன்னபோது தங்கமணி சிரித்தாள். “நான் நடிச்சா ஜனம் எழுந்து ஓடிரும்லா தம்பி.” அவன் விடவில்லை. கதையை மட்டும் கேளுங்கள், பிடிக்காவிட்டால் போய்விடுகிறேன் என்றான். மதியம் பள்ளி விடும்வரை வேனுக்குள் உட்கார்ந்து கேட்டாள்.

கதை பெரியதில்லை. அடுக்குமாடி வீட்டில் ஒரு விதவைத் தாய். அவளுடைய ஒரே மகன் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான். ஒருநாள் மருமகள் பள்ளிக்குப் போகும் மகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கே ஓடி வருகிறாள். மாமியார் அவளை உள்ளே விட்டு வெளிப்புறக் கிரில் கதவைப் பூட்டுகிறாள். மகன் வருகிறான், மிரட்டுகிறான், போகிறான். கடைசியில் மழையில் நனைந்து வந்து அழுகிறான். பசிக்கிறது, மன்னித்துவிடு, கதவைத் திற என்கிறான். தாய் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கம்பிகளுக்கு இடையே நீட்டிவிட்டு உள்கதவைச் சாத்துகிறாள். படம் முடிகிறது.

“அவ கடைசி வரைக்கும் திறக்க மாட்டாளா?” என்று தங்கமணி கேட்டாள்.

“மாட்டாங்க அக்கா.”

“அப்ப வரேன்.”

அவள் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளின் முகத்திலேயே தெரிந்துவிடும். தூங்காத கண்ணோடு ஏறும் பிள்ளைகள் உண்டு. “ஆன்டி, நேத்து அப்பா டிவிய உடைச்சிட்டாரு” என்று ஒரு சின்னப் பெண், வானிலைச் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். தங்கமணியால் அவளைத் தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைக்கத்தான் முடிந்தது. அன்றைக்கு முழுக்கத் தங்கமணிக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளி விடுமுறையில் படப்பிடிப்பு நடந்தது. ‘கிரில் கதவு’ என்று படத்துக்குப் பெயர் வைத்தார்கள். முதல் காட்சியைக் கிள்ளானில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் போட்டபோது தெரிந்தவர்களெல்லாம் வந்தார்கள். தங்கமணியின் கணவர் ராதாகிருஷ்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மடிப்புக் கலையாத, பூ வேலைப்பாடு போட்ட பாத்தேக் சட்டையில் வந்தார். அவளுடைய நெடுநாள் தோழி இராஜம்மா, காலைச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இடம் பிடித்தாள்.

திரையில் தங்கமணி உள்கதவைச் சாத்தியதும் அரங்கில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பாதி அப்படியே உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், “என்ன பொம்பளலா இவ! பெத்த புள்ள நனையிறான்!” என்று கத்தியது. “நனையட்டும்!” என்று ஒரு பெண்குரல் உடனே பதில் கொடுத்தது. விளக்குப் போட்டபோது தங்கமணி திரும்பிப் பார்த்தாள். ராதாகிருஷ்ணன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இராஜம்மாவின் இருக்கை காலியாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் போகுமிடமெல்லாம் படம் வந்தது. பள்ளி வாசலில் ஒரு தகப்பன் அவளைப் பார்த்ததும் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆன்டி, நெசத்துலயும் நீங்க அப்படித்தானா?” என்று கேட்டார். பாதி விளையாட்டு, பாதி இல்லை. ஃபேஸ்புக்கில் ஒருவர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுத, அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் சண்டை போட்டார்கள். வழக்கமாகத் தேநீர் குடிக்கும் உணவகத்திலும் அதே பேச்சுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்தக் கடையை நடத்தும் நிஜாம், கல்லாவில் இருந்தபடியே, “படம் நல்லாத்தான் இருந்துச்சு அக்கா. ஆனா ஒரு தாய் அப்படிச் செய்யமாட்டா. அதை மட்டும் ஒத்துக்க முடியல” என்றார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி அஃப்ரின் எட்டிப் பார்த்தாள்.

“எங்க அக்காவுக்கு அப்படி ஒரு மாமியார் கிடைச்சிருந்தா இன்னைக்கு அவ ரெண்டு காதும் கேட்கும்” என்றாள்.

நிஜாம் கல்லாவை விட்டு எழுந்தார். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

இதெல்லாம் தங்கமணிக்குப் பெரிதாகப் படவில்லை. இராஜம்மா முகம் கொடுக்காததுதான் உறுத்தியது. சந்தையில் அவள் கடைக்கு முன்னால் போய் நின்றால் இராஜம்மா குனிந்து வெண்டைக்காயை அடுக்குகிறாள். “என்னடி?” என்றால், “வியாபார நேரம்” என்கிறாள்.

இப்படியிருக்கும்போது சிவேந்திரன் கூப்பிட்டான். தங்கமணி கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். கடைவீட்டின் மாடியில் அவன் அலுவலகம். அவன் கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

“அக்கா, ஒரு டிவி சேனல் படத்தைக் கேக்குறாங்க. ஆனா முடிவை மாத்தணுமாம். குடும்பத்தோட பாக்குற நேரத்துல போடணும், ஜனங்க மனசு கஷ்டப்படுதுன்றாங்க. நீங்க கதவத் திறக்கிறீங்க, அவன் கால்ல விழுறான். அவ்வளவுதான். ஒரே நாள் ஷூட்டிங்.”

“அவ்வளவுதானா?”

“எனக்கும் பிடிக்கலதான். ஆனா அடுத்த வாரம் தியேட்டர்லருந்து எடுத்துருவாங்க அக்கா. டிவியில வந்தா நாடு முழுக்கப் பாக்கும். இல்லன்னா இந்தப் படம் இருந்துச்சான்னே யாருக்கும் தெரியாம போயிரும்.”

“யோசிச்சுச் சொல்றேன்னு உன்ன அலைய வைக்க மாட்டேன் தம்பி. நான் திறக்க மாட்டேன்.”

அவனுக்குக் கோபம் வந்தது. “இது என் படம் அக்கா.”

“உன் படம்தான். கை என்னோடது.”

“வேற ஆள் கைய வச்சு எடுத்துக்க என்னால முடியும்.”

“எடுத்துக்க. ஆனா என் முகத்த வெட்டிரு. திறக்காத முகத்த வச்சிக்கிட்டுத் திறக்கிற கைய ஒட்டாத.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தங்கமணி கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரயிலில் வரும்போது அவனையே நினைத்துக்கொண்டிருந்தாள். முதன்முதலாகத் தன்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்த பிள்ளை அவன். அவனுடைய படம் இவளால் நின்றுபோகலாம். அதைத் தெரிந்தேதான் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது ராதாகிருஷ்ணனிடம் சொன்னாள். அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே, “நீ திறந்திருக்கலாம்” என்றார்.

“நீங்களுமா?”

“எங்கப்பா என்னை அடிச்சுத் தொரத்தினப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. ஊரெல்லாம் சுத்திட்டு வந்து வீட்டுப் பின்வாசல்ல நின்னேன். எங்கம்மா திறந்தா. அன்னைக்கு அவ திறக்கலன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு எனக்கே தெரியாது.”

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. தங்கமணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

“நீங்க அப்ப யாரை அடிச்சிருந்தீங்க?”

“நானா? நான் யாரை அடிச்சேன்?”

“உங்கம்மா திறந்த வீட்டுக்குள்ள உங்களைப் பாத்து பயந்துக்கிட்டு யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?”

அவர் யோசித்தார். “இல்ல” என்றார். சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, “எல்லாம் புரியுது தங்கம். ஆனா அந்தப் பையன் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறப்ப எனக்கு அழுகை வருதே, அதுக்கு நான் என்ன பண்ண?” என்றார்.

“அழுங்க. அது தப்பில்ல. ஆனா நான் திறக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம், சந்தை கலைந்த பிறகு, அவள் இராஜம்மா வீட்டுக்கே போனாள். இராஜம்மா கூடத்தில் தரையில் உட்கார்ந்து விற்காத கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தங்கமணி எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை இழுத்துக்கொண்டாள்.

“என்னைப் பாத்துத்தான அந்த வேஷம் கட்டின?” என்று இராஜம்மா கேட்டாள்.

“இல்லடி. கதை அந்த டைரக்டர் பையன் எழுதினது. சத்தியமா.”

“நீ கதவ மூடினப்ப எல்லாரும் கை தட்டினாங்க. ஒவ்வொரு தட்டும் என் கன்னத்துல விழுந்துச்சு.”

இராஜம்மாவின் மகனும் குடிப்பவன்தான். அடி தாங்காமல் அவன் மனைவி அம்பாங்கில் இருக்கும் தன் தாய்வீட்டுக்குப் போய் நாலைந்து வருடமாகிறது. அவள் போனபோது இராஜம்மா வாசலில் நின்று பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தெருவுக்கே தெரியும்.

“அவன் இங்கதான் இருக்கான்” என்றாள் இராஜம்மா, உள் அறையைக் காட்டி. “காலையில எனக்கு மூட்டை தூக்குறான். குடிச்சா உள்ள போய்ப் படுத்துக்கிறான். நான் வெளிய தள்ளியிருந்தா ரோட்டுல செத்துக் கிடப்பான். நீ மூடிட்ட. படம் முடிஞ்சிருச்சு. லைட்டப் போட்டாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அந்தப் பொம்பள மறுநாள் காலையில எந்திரிச்சு என்ன செய்வா? அவளுக்குச் சோறு இறங்குமா? அத எவன் காட்டினான்? மூடுறது லேசுடி, டைரக்டர் கட்னு சொன்னதும் நீ போயிறலாம்னா.”

தங்கமணி இன்னொரு கட்டைப் பிரித்தாள். கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வந்ததற்குக் கேட்க வேண்டியதையும் கேட்காமல் எழ அவளுக்கு மனமில்லை.

“நீ செஞ்சது தப்புன்னு சொல்ல நான் வரல. உன் புள்ளைக்கு நீ திறந்த, சரி. உன் மருமவளுக்கு யாருடி திறந்தா?”

இராஜம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “நீ கெளம்பு” என்றாள்.

தங்கமணி கிளம்பினாள். ஆனால் இராஜம்மா கேட்ட கேள்வி அவளை விடவில்லை. வேன் ஓட்டும்போதும் அதே நினைப்பு. அந்தப் பொம்பள மறுநாள் என்ன செய்வாள்? அந்தத் தாயாக நடித்தவள் அவள். அவளுக்கே தெரியவில்லை. கதவைச் சாத்தியதும் சிவேந்திரன் கட் சொன்னான், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த நாள் மதிய ஓட்டம் முடிந்ததும் அவளே பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் நின்றாள்.

“ஷூட்டிங்குக்கு வரேன் தம்பி. ஆனா திறக்கிறதுக்கு இல்ல. மூடின பிறகு அவ என்ன ஆனான்னு எடு.”

சிவேந்திரன் ஒப்புக்கொள்ளவில்லை. கதவு மூடும் சத்தத்தோடு முடிந்தால்தான் வலு என்றான். நீட்டினால் நீர்த்துப்போகும் என்றான். சேனல்காரர்கள் இதைக் கேட்கவே இல்லையே என்றான். மூன்றுமே நியாயந்தான். தங்கமணி எதையும் மறுக்கவில்லை. இராஜம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னாள். அவன் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

“மறுநாள் காலையில எடுக்கலாம்” என்றான் கடைசியில். “வசனம் வேணாம். அந்தச் சோத்துப் பொட்டலம் பிரிக்காம வெளியவே கிடக்கும். பேத்தியப் பள்ளிக்கு அனுப்பணும். அதுக்கு அவங்க கிரிலைத் திறந்துதானே ஆகணும்?”

தங்கமணி ஒப்புக்கொண்டாள். அது அவளுக்குத் தோன்றியிருக்காது.

போர்ட் கிள்ளானில் முன்பு எடுத்த அதே வீட்டில், குறைந்த ஆட்களை வைத்து எடுத்தார்கள். தங்கமணி அன்று சரியாக நடிக்கவில்லை. சிவேந்திரன் அழ வேண்டாம் என்றான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழாமல் இருக்க முயன்றால் முகம் மரக்கட்டைபோல ஆயிற்று. திரும்பத் திரும்ப எடுத்து எல்லோரும் களைத்துப்போனார்கள். வெயில் ஏறியது. கடைசியில் எடுத்ததில், பிள்ளையின் கையை ஒரு கையில் பிடித்தபடி அவளால் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடியவில்லை. சாவி கம்பியில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. நடிப்பில்லை. கை நிஜமாகவே ஒத்துழைக்கவில்லை. பிறகு திறந்தாள். எறும்பு மொய்த்த பொட்டலத்தைக் குனிந்து எடுத்தாள். மாடிப்படியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உள்ளே இருந்த மருமகளுக்காக மறுபடி பூட்டினாள். சிவேந்திரன் கட் சொல்ல மறந்து நின்றான்.

சேனல் மறுத்துவிட்டது. முன்பைவிட இது இன்னும் சோகமாக இருக்கிறது என்றார்களாம். திரையரங்கிலிருந்தும் படத்தை எடுத்துவிட்டார்கள். சிவேந்திரன் ஒரு வாரம் யாருடைய போனையும் எடுக்கவில்லை. தங்கமணி அவனைத் தேடிப்போய், “மண்டபம் இருக்குல்ல? கோயில் மண்டபம், சங்க மண்டபம். நம்மளே கொண்டுபோய்க் காட்டுவோம். சனி ஞாயிறு எனக்கு வேன் ஓட்டமில்ல” என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. திரையும் புரொஜெக்டரும் பள்ளி வேனின் பின்னிருக்கைகளில் ஏறின. ராதாகிருஷ்ணன் ஒயர்களைப் பார்த்துக்கொண்டார். படம் முடிந்ததும் யார் வந்து கேட்டாலும், “நான் மழையில நிக்கிற அந்தப் பையன் கட்சி. வீட்டம்மாகிட்ட சொல்லியாச்சு” என்று பகிரங்கமாகச் சொல்லுவார். ஆனால் ஒரு காட்சிக்குக்கூட வராமல் இருந்ததில்லை.

பந்திங்கில் காட்டியபோது இராஜம்மா வந்தாள். அங்கே அவள் தங்கை வீடு. கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தாள். எல்லோரும் கலைந்த பிறகு தங்கமணியிடம் வந்தாள்.

“சாவி போகல பாரு, அது நெசம்” என்றாள். பிறகு, “ஆனா நான் திறந்திருப்பேன்.”

“தெரியும்டி.”

“அம்பாங்குக்குப் போயிருந்தேன், போன வாரம். மருமவளப் பாக்க. உள்ள கூப்பிடல. ரோட்டுல நிக்க வச்சே பேசினா. நல்லாத் திட்டினா. கேட்டுக்கிட்டேன்.” சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “திரும்ப வர்றப்ப பஸ் நிக்கிற எடம் வரைக்கும் பேரனை அனுப்பினா.”

மகனை அவள் வீட்டை விட்டு அனுப்பவில்லை. அவன் குடியையும் விடவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை காய்கறிப் பையோடு அம்பாங்குக்குப் போகிறாள். தங்கமணிக்கும் அவளுக்கும் பழையபடி பேச்சு உண்டு. அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை.

போன மாதம் ரவாங்கில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் மண்டபத்தில் காட்டினார்கள். படம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “அம்மா, உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரு இருக்காங்க அங்கிள். ஒரு பையன், ஒரு பொண்ணு.”

“அந்தப் பையன் இப்படி வந்து நின்னா?”

மேடையில் நின்ற தங்கமணி ஓர் அடி முன்னால் வந்தாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். ஆனால் எளிதாக ஒரு பதிலை வீசிவிட்டு உட்கார அவளுக்கு விருப்பமில்லை.

“சோறு கொடுப்பேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் வாடான்னு சொல்லுவேன், நானே வேன் ஓட்டிட்டுப் போவேன். ஆனா உள்ள அவனுக்குப் பயந்து ஒருத்தி இருக்கிற வரைக்கும் கதவத் திறக்க மாட்டேன் அங்கிள். ராத்திரி தூக்கம் வராது. அதத் தெரிஞ்சுதான் சொல்றேன்.”

பெரியவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண் எழுந்து அவரோடு வாதிடத் தொடங்கினாள். அவள் கணவன் அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. பக்கவாட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சிவேந்திரன் ஒலிவாங்கியோடு ஒவ்வொரு வரிசையாக ஓடினான். ராதாகிருஷ்ணன் ஒயர்களைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கமணி மேடையை விட்டு இறங்கி, அந்தப் பெண்ணின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்கத் தொடங்கினாள்.